லேப்டாப்பை ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இந்த ஒரு வேலையைச் செஞ்சிடுங்க!

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. பொழிச்சலூர்ல எங்க தெருவுலயே பழைய லேப்டாப்பை அழிச்சிட்டு லினக்ஸ் போடலாமான்னு கேக்குறாங்க. தாராளமா போடலாம், லினக்ஸ் இலவசம்தான்.

ஆனா ஒரு நிமிஷம். லேப்டாப் விலையிலேயே விண்டோஸுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கீங்க. கம்பெனி அதைத் திரும்ப ஏத்துறதுக்கான ஃபைல்களை டிரைவுலயே தனி பார்ட்டிஷன்ல வச்சிருக்கும். மொத்தமா அழிச்சா அதுவும் போயிடும்.

என்ன செய்யணும்?

1. 32 ஜிபி பென்டிரைவ் எடுங்க. அதுல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், கவனம்.
2. ஸ்டார்ட் மெனுவுல 'ரெக்கவரி டிரைவ்'னு தேடுங்க. சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கச் சொல்ற கட்டத்துல டிக் இருக்கணும்.
3. போட்டோ, பத்திரம், வரிக் கணக்கு எதுவும் இதுல வராது. தனியா காப்பி எடுங்க.
4. அழிக்கிறதுக்கு முன்னாடி, பென்டிரைவ்ல இருந்து ஒருமுறை பூட் ஆகுதான்னு பாருங்க.

விண்டோஸ் 8 காலத்துக்கு அப்புறம் விண்டோஸோடவே வந்த லேப்டாப்னா, லைசென்ஸ் கீ பெரும்பாலும் மதர்போர்டுலயே இருக்கும். அதனால கடையில "புது கீ வாங்கணும்"னு சொன்னா உடனே பணத்தை நீட்டாதீங்க. ஒரு பென்டிரைவ் செலவோட முடியற வேலை இது!