அகவைச் சமத்துவமும் மாறிவரும் மக்கள் தொகையும்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் மட்டும் குடிமக்களிடையே பாகுபாடு காட்டலாகாது என்றும் அது விதிக்கிறது. 2001இல் பால் வேறுபாடும் அவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. அகவை அதில் இடம்பெறவில்லை. நாடு இளமையாய் இருந்தவரை இக்குறை எவர் கண்ணிலும் படவில்லை.

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15 வயதுக்குட்பட்டோர் 27.6 விழுக்காடாகவும், 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் ஏறத்தாழ 5 விழுக்காடாகவும் இருந்தனர். 2020இல் இவை முறையே 24.0, 6.8 என மாறின. ஆயுள் நீண்டதே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் முதற்காரணம் பிள்ளைப்பேறு குறைந்ததே. கோபுரத்தின் அடித்தளம் ஒடுங்கும்போது உச்சி தானே அகன்று தோன்றும். முதியோர் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14ஆக உயரப் பிரான்சுக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. ஜப்பானுக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளே ஆயின. நம் நாடு ஜப்பானின் வேகத்தை ஒட்டியே செல்லும் எனக் கணிக்கின்றனர்.

நம் சமூகத்தில் இவ்வொடுக்கம் இன்னும் விரைவானது. குடிமக்களுள் இந்தியர் பங்கு 2010இல் 7.3 விழுக்காடு, 2020இல் 6.7. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதனை எண்களால் விளக்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டு வகுப்பின் வருகைப் பதிவேடே போதும்.

அகவை வரம்பு அநீதியன்று எனச் சிலர் வாதிடுவர். இனத்தைப் போலன்றி, அகவை எல்லார்க்கும் மாறுகிறது. இன்று இளையவன் பெறுவதை முதியவன் அன்றே பெற்றிருப்பான் என்பது அவர்தம் கூற்று. 18 வயதில் வாக்களிக்கும் உரிமை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததை நோக்கினால் இவ்வாதம் தளர்ந்துவிடும். முந்தைய தலைமுறையினர் 21 வரை காத்திருந்தனர். ஓய்வு வயதில் நேர்ந்த இழப்போ இதனினும் கடுமையானது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 எனும் சட்டம் 2013 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் பெரும்பாலான நிறுவனங்களில் அது 55. தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்து தொழிற்சாலையில் உழைத்த ஒருவர், 2012இல் 55ஐ எட்டியிருந்தால், ஐந்தாண்டு ஊதியத்தையும் சேமநிதிச் சந்தாவையும் இழந்தார். ஈராண்டு இளைய அவர் தம்பியோ அதே இயந்திரத்தில் 60 வரை பணியாற்றினார்.

ஒரு வயிற்றில் பிறந்த இவ்விருவரும் இன்று பிரிக்பீல்ட்ஸ் அங்காடியில் ஒரே விலைக்குத்தான் அரிசி வாங்குகின்றனர்.