மீன் பாடியதா, காது இரைந்ததா?

சென்ற வருடம் ஒரு பௌர்ணமி இரவு, தம்பியின் குடும்பத்தோடு கல்லடிப் பாலத்தடிக்குப் போயிருந்தேன். தம்பியின் மகள் 10ஆம் தரத்தில் படிக்கிறாள். மீன் பாடும் தேனாடு என்று எத்தனையோ கட்டுரைகள் எழுதியவள்தான், ஆனால் மீன் பாடிக் கேட்டதில்லை. தம்பிக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் எங்களைத் தோணியில் ஏற்றி, வாவிக்குள் கொஞ்சத் தூரம் கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். மகள் மூச்சையும் அடக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு கண்களை விரித்து, "கேக்குது மாமி! தவள கத்துற மாதிரியும் இருக்கு, வீணை மாதிரியும் இருக்கு" என்றாள்.

துடுப்பு என் கைக்கு வந்தது. எனக்கும் ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, கூரான, இடைவிடாத ஒரு 'கீ'. துடுப்பைக் காதிலிருந்து எடுத்தேன், அது நிற்கவில்லை. மறு காதில் வைத்தேன், மாறவுமில்லை. வீட்டிலிருந்து நான் கொண்டுபோன சத்தம் அது. ஆறு வருடங்களாக என்னோடு இருக்கிறது.

"ஓம் மகள், கேக்குது" என்று பொய் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் மனம் பொறுக்காமல் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் விடவில்லை. ஏன் வந்தது, எப்படித் தூங்குகிறீர்கள், எனக்கும் வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சொன்னவற்றைத்தான் மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

வாவியின் சத்தத்தை எழுதி வைத்தவர்களில் ஒருவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1859இல் வெளியான தமது நூலில், மட்டக்களப்பில் இரவில் தோணியிலிருந்து தாம் கேட்ட ஒலிகளைப் பற்றிச் சொல்கிறார். தோணியின் விளிம்பில் காதை வைத்தபோது சத்தம் இன்னும் கூடியதாம். அது மீனில்லை, ஊரிதான் குளறுகிறது என்று அன்றைய மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மீனோ ஊரியோ, தண்ணீருக்குள் ஏதோ ஒன்று உண்மையாகவே சத்தமிடுகிறது. மரம் அதைக் காதுக்குக் கடத்துகிறது. என் காதில் கேட்பதற்கு வெளியே எந்த மூலமும் இல்லை. இதைத்தான் வைத்தியர்கள் காதிரைச்சல் என்கிறார்கள். சிலருக்கு விசில், சிலருக்குச் சில்வண்டு, சிலருக்குச் சங்கை மூடிப் பிடித்தாற்போல ஓர் இரைச்சல். வளர்ந்தவர்களில் 100 பேருக்கு 10 முதல் 15 பேர் வரை இது உண்டு. இசைமேதை பேத்தோவன் தம் காதுகள் இரவும் பகலும் இரைவதாக 1801இல் நண்பருக்குக் கடிதம் எழுதியபோது அவருக்கு வயது 30.

எனக்கு இது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காத்தான்குடியில் எங்கள் பழைய வீட்டுக்குப் போக வேண்டும். வாப்பா மின்தறிக்காரர். வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரைக் கொட்டிலில் நான்கு தறிகள் ஓடின. ஓடம் இரண்டு பக்கமும் போய் அடிக்கும் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பி வரும். நான் அந்தக் கொட்டிலின் வாசலில் இருந்துதான் பாடம் படித்தேன், நூல் சுற்றினேன். வாப்பாவும் கூட வேலை செய்த மாமாவும் கத்திப் பேசியதை நான் கண்டதில்லை. வாயை அகலத் திறந்து, சத்தமே வராமல், உதட்டால் பேசிக்கொள்வார்கள். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்களும் இப்படித்தான் உதட்டால் பேசினார்கள் என்று பிற்பாடு வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் சணல் நெய்த பெண்களின் காதுகளைப் பரிசோதித்து 1965இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுடைய தறிக்கூடங்களில் ஏறக்குறைய 100 டெசிபெல் சத்தம் இருந்தது. வருடம் ஏற ஏற அவர்களுடைய கேள்திறன் எப்படிக் குறைந்தது என்பதை அந்த ஆய்வு படிப்படியாகக் காட்டியது. தறி காதைத் தின்னும் என்பது அறியப்பட்ட விடயம்தான். எங்கள் கொட்டிலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் வாப்பா பள்ளியில் முன்வரிசையில்தான் நிற்பார், இமாமின் குரல் கேட்பதற்காக. ஒரு நாள் அஸர் பாங்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே என்னைப் பார்த்து, "பாங்கு சொல்லிட்டாங்களா மகள்?" என்று கேட்டார். வயதாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

காதுக்குள் நடப்பது இதுதான். செவிப்பறை மென்சவ்வும் மூன்று சிற்றென்புகளும் கடத்தும் அதிர்வு, உட்காதில் நத்தைச்சுருளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உண்டு. சத்தம் வரும்போது அவற்றின் நுனிகள் சாய்ந்து நிமிர்கின்றன, அந்த அசைவே மின்கணத்தாக்கமாகி மூளைக்குப் போகிறது. படுவான்கரை வயலில் வேளாண்மை காற்றில் சாய்ந்து நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பலத்த காற்று அடித்தால் சாய்ந்தது நிமிரச் சில நாட்கள் எடுக்கும். யானை மிதித்துவிட்டுப் போனால் நிமிராது. வயலென்றால் அடுத்த போகம் விதைக்கலாம். மயிர்க்கலத்துக்கு அடுத்த போகம் இல்லை. மனிதருக்கு அது மீண்டும் முளைப்பதில்லை.

நத்தைச்சுருளின் வாசலில் இருப்பவை கூரான, உயர்ந்த ஒலிகளுக்கான கலங்கள். பேரிரைச்சலில் முதலில் அழிபவையும் அந்தப் பக்கத்தில் இருப்பவையே. அதனால்தான் பாதிக்கப்பட்டவர் "எனக்குக் காது நல்லாக் கேக்குது, நீங்கதான் தெளிவாப் பேசுறீங்கல்ல" என்பார். பேச்சின் உயிரொலி கேட்கும், மெய்யொலி உதிர்ந்துவிடும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் வெட்கத்துக்குரியது. இலக்கண வகுப்பில் ஒரு மாணவியிடம் கேள்வி கேட்டேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் இயல்பிலேயே மெல்லப் பேசுபவள். எனக்கு 'எச்சம்' மட்டும்தான் கேட்டது, அதற்கு முன்னால் வந்தது வினையா பெயரா என்று பிடிபடவில்லை. மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். "வாய்க்குள்ள முணுமுணுக்காமச் சொல்லு" என்று அதட்டினேன். பிள்ளை அழுதுவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "டீச்சர், அவள் மூணு தரமும் சரியாத்தான் சொன்னாள்" என்றாள்.

அந்த வாரமே காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போனேன். சத்தம் புகாத சிறு அறையில் இருத்தி, ஹெட்போனில் மெல்லிய ஒலிகளை அனுப்பினார்கள், கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். என் வரைபடம் நேராக வந்து 4000 ஹேர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலால் பழுதான காதின் அடையாளம் அது என்றார் வைத்தியர். தறிக்கொட்டிலைச் சொன்னேன். பல்கலைக்கழகக் காலத்தில் பஸ் இரைச்சலுக்கு மேலாக இயர்போன் போட்டுக் கேட்டதையும் சொன்னேன். இரண்டையும் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து, அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவள் முதல் வரிசை.

இரைச்சல் மட்டும் ஏன் கேட்கிறது? வைத்தியர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. காதிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்தால், மூளை தன் பக்கத்து ஒலியளவைக் கூட்டிவைத்துத் தேடுகிறது. நிலையம் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் கொரகொரவென்று வருமே, அதுபோல. நல்ல காதுக்கும் இது கொஞ்சம் உண்டு. 1953இல் அமெரிக்காவில் கேள்திறன் குறையாத 80 பேரைத் தனித்தனியே ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் இருத்திப் பார்த்தார்கள். 100க்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆகவே நள்ளிரவில் காது மெல்ல இரைந்தால் பயந்துவிட வேண்டாம்.

எனக்கு முதல் வருடம்தான் கஷ்டம். பகலில் பிள்ளைகளின் ஆரவாரத்தில் அது மறைந்துவிடும். இரவில் வீடு அடங்கியதும் எழுந்து நிற்கும். சுஜூதில் தலை வைத்தால் அது மட்டும்தான் கேட்கும். பாமசிகளில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன், பூண்டு காய்ச்சிய எண்ணெயும் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. காதிரைச்சலை அழிக்கும் மாத்திரை இதுவரை இல்லை. கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், தெரிந்த பிறகு வீண்செலவு நின்றது.

உதவியது முழு அமைதியைத் தவிர்ப்பது. படுக்கையறையில் மின்விசிறியை ஓடவிடுகிறேன், மழைச் சத்தத்தைத் தொலைபேசியில் மெல்ல வைக்கிறேன். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு அல்ல, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம் இருக்கும் அளவுக்கு. கேள்திறன் குறைந்தவர்களுக்குக் காதுக்கருவி பொருத்தினால் இரைச்சலும் அடங்குவது உண்டு. பயத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கும் உளவளச் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. சத்தம் குறையாது, அதனோடுள்ள சண்டை குறையும். இப்போது நான் அதை நினைக்காத மணித்தியாலங்கள் பல உண்டு. இந்தக் கட்டுரையை எழுதும்போது மட்டும் விடாமல் கேட்கிறது!

சில நிலைமைகளில் தாமதிக்கக் கூடாது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீளும் வாய்ப்பு அதிகம். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் இரைச்சல், தலைச்சுற்றோடு வரும் இரைச்சல் ஆகியவற்றையும் காட்ட வேண்டும். சிலருக்குக் குடும்பி இறுகியதுதான் காரணமாக இருக்கும், எடுத்துவிட்டால் சரி. அதற்காகப் பஞ்சுக்குச்சியால் குடைய வேண்டாம், அது குடும்பியை உள்ளே தள்ளிவிடும். சில மருந்துகளும் காதை இரைய வைக்கும். மலேரியாக் காலத்தில் குயினைன் குடித்த எங்கள் உம்மம்மா, காதுக்குள் வண்டு புகுந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வருமா மாமி?" என்ற கேள்விக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இது: வளர்ந்தவர்கள் 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், சிறுவர்களுக்கு 75 டெசிபெல். சத்தம் 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். ஆகவே 90 டெசிபெலில் வளர்ந்தவர்களுக்கே வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான், 100 டெசிபெலில் அரை மணித்தியாலமும் இல்லை. வாப்பா அதில் நாள்முழுக்க நின்றார். தொலைபேசியின் முழு ஒலியளவும் ஏறக்குறைய அந்தத் தறிக்கூடத்துச் சத்தம்தான். ஒலியளவு 60 வீதத்துக்கு மேல் போக வேண்டாம், மணித்தியாலத்துக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள். பஸ்ஸில் இரைச்சலை மறைக்க ஒலியளவைக் கூட்டுவதுதான் பெரிய ஆபத்து. இயர்போன் போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம் உள்ள பிள்ளைகளின் உம்மாமார் இதைக் கவனிக்க வேண்டும்.

கருவி இல்லாமலே அளக்க ஒரு வழி: கைநீட்டும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் அளவு மீறிவிட்டது. கலியாண வீடோ, அரிசி ஆலையோ, வெளியே வந்த பிறகு காது அடைத்து இரைந்தால் அது எச்சரிக்கை. மறுநாள் சரியாகிவிட்டது என்று ஆறுதல்படவும் முடியாது. கேள்திறன் மீண்ட சுண்டெலிகளிலும் மயிர்க்கலத்துக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருந்ததை 2009இல் அமெரிக்காவில் கண்டார்கள்.

வயல் காவலுக்குப் போகும் வாப்பாமாருக்கு ஒரு சொல். யானைவெடி அருகில் வெடித்தால் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டக்கூடும், அந்த ஒரே கணம் போதும் காது கெடுவதற்கு. பஞ்சை உருட்டி அடைப்பது பெரிதாகத் தடுக்காது. நுரைக் காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது உள்ளே விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். விலை அதிகமில்லை. தறியில், ஆலையில், மரம் அரியும் இடத்தில் நிற்பவர்களுக்கும் இதுவே. நான் வாங்கத் தொடங்கியபோது வாப்பா மௌத்தாகிவிட்டார்.

இவ்வருட இல்ல விளையாட்டுப் போட்டியில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நேர்முன்னால் போட்டிருந்த மாணவிகளின் கூடாரத்தை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளிப் போடச் சொன்னேன். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும், அதாவது கேட்கக்கூடிய நேரம் நான்கு மடங்காகும். அறிவிப்புச் செய்த டீச்சருக்கு இது பிடிக்கவில்லை, யாருக்கும் கேட்காது என்றார். அஞ்சலோட்ட முடிவை அவர் சொன்னபோது, தள்ளிப் போட்ட கூடாரத்திலிருந்துதான் முதல் கூச்சல் வந்தது.