குடல் அழற்சிக்கு பயாலஜிக் ஊசி: ஒருவருக்கு கேட்கும் மருந்து இன்னொருவருக்கு கேட்காதது ஏன்?

மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை குறைவு. செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற கிராமத்தில் ஒருவருக்கு இப்படி வந்தால், 'சூடு பிடிச்சிருக்கும்', 'மூலமா இருக்கும்' என்பதுதான் முதலில் வரும் பேச்சு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய் கொலோனோஸ்கோபி எடுத்த பிறகுதான் சிலருக்கு 'குடல் அழற்சி நோய்' என்ற பெயரே தெரிய வருகிறது. மாத்திரைக்கு அடங்காதபோது டாக்டர் அடுத்து சொல்வது பயாலஜிக் ஊசி. அது எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படுவது இல்லை.

இது என்ன நோய்?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதுதான் இந்த நோய். இதில் இரண்டு வகை முக்கியம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சுவரை மட்டும் புண்ணாக்கும். க்ரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடல் சுருங்கி அடைபடலாம், பவுத்திரமும் உருவாகலாம்.

பயாலஜிக் என்றால்?

உயிருள்ள செல்களில் தயாரிக்கப்படும் புரத மருந்து. விழுங்கினால் செரித்துவிடும் என்பதால் ட்ரிப்ஸாகவோ ஊசியாகவோதான் கொடுப்பார்கள்.

- இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப்: அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும். பவுத்திரம், மூட்டுவலி சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இவைதான்.
- வெடோலிசுமாப்: பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும். வயதானவர்கள், தொற்று அபாயம் உள்ளவர்களுக்கு யோசிக்கப்படும்.
- உஸ்டெகினுமாப்: வேறொரு அழற்சிப் பாதையை அடைக்கும்.

முதல் கேள்வி: காசநோயா, க்ரோன்ஸா?

உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். குடல் காசநோயும் க்ரோன்ஸும் அறிகுறியிலும் ஸ்கேனிலும் ஒரே மாதிரி தெரியும். காசநோய் இருப்பவருக்கு டிஎன்எஃப் ஊசி போட்டால் கிருமி உடல் முழுக்கப் பரவலாம். இன்ஃப்ளிக்சிமாப் எடுத்த 70 பேருக்கு காசநோய் வந்ததை 2001-லேயே ஒரு ஆய்வு பதிவு செய்தது. மாறாக, க்ரோன்ஸ் உள்ளவர் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டால், அதற்குள் குடல் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு.

இரண்டையும் பயாப்சியில் பிரித்தறிவது பற்றி வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1999-ல் முக்கியமான ஆய்வை வெளியிட்டனர். காசநோயில் திசுக் கட்டிகள் பெரிதாக, பலவாக, ஒன்றோடொன்று சேர்ந்து தெரியும். க்ரோன்ஸில் சிறிதாக, சிலவே இருக்கும் என்று அது காட்டியது. ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய் ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ்-பி சோதனை எழுதித் தந்தால், அது வீண் செலவு இல்லை.

அளவு எப்படி முடிவாகிறது?

இன்ஃப்ளிக்சிமாப் பொதுவாக கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ இருப்பவருக்கு 300 மில்லிகிராம், அதாவது 3 குப்பி. முதல் நாள், 2-வது வாரம், 6-வது வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை.

இது தொடக்கம்தான். ஒருவர் உடல் மருந்தை சீக்கிரம் வெளியேற்றும். இன்னொருவர் உடல் மருந்துக்கே எதிர்ப்புப் புரதம் உருவாக்கும். அதனால் பலன் குறைந்தால், அடுத்த டோஸுக்கு சற்று முன் ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள்.

- மருந்து குறைவு, எதிர்ப்புப் புரதம் இல்லை: டோஸ் கூட்டலாம், இடைவெளியைக் குறைக்கலாம்.
- மருந்து குறைவு, எதிர்ப்புப் புரதம் அதிகம்: வேறு மருந்துக்கு மாற வேண்டும்.
- மருந்து போதுமான அளவு, நோய் மட்டும் அடங்கவில்லை: வேறு பாதையில் வேலை செய்யும் மருந்து தேவை.

தனிநபருக்கு ஏற்ற சிகிச்சை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?

இன்னும் இல்லை. க்ரோன்ஸ் நோயாளிகள் 386 பேரிடம் பிரிட்டனில் நடந்த 'புரொஃபைல்' ஆய்வு 2024-ல் வெளியானது. யாருக்கு எந்த சிகிச்சை என்று தேர்வு செய்ய அதில் பயன்படுத்திய ரத்த ஜீன் பரிசோதனை உதவவில்லை. ஆனால், தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்சிமாப் கூட்டு சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதம் பேர் ஓராண்டு வரை ஸ்டீராய்டும் அறுவை சிகிச்சையும் இல்லாமல் நன்றாக இருந்தனர். வழக்கமான முறையில் படிப்படியாக சிகிச்சை பெற்றவர்களில் அது 15 சதவீதம்தான்.

கூடவே தரப்படும் அசாதியோப்ரின் மாத்திரைக்கு மட்டும் ஒரு ஜீன் பரிசோதனை பயன்படுகிறது. ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் என்யுடிடி15 மாற்றம் இருந்தால், வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

செலவு?

அடாலிமுமாபுக்கு இணையான உலகின் முதல் பயோசிமிலர் 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் வந்தது. விலை குறைந்தாலும் மாதச் சம்பளக்காரருக்கே இது பெரிய தொகை. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் மருந்து வருமா என்பதை மருத்துவமனை காப்பீட்டு கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மறக்கக் கூடாதவை

- 'நல்லாயிடுச்சே, இனி எதுக்கு ஊசி?' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுவில் விட்டுத் திரும்பத் தொடங்கும்போது எதிர்ப்புப் புரதமும் ஒவ்வாமையும் வரும் வாய்ப்பு கூடுகிறது.
- வீட்டில் போடும் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வையுங்கள். ஊருக்கு எடுத்து வர ஐஸ் பேக் போட்ட பெட்டி வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் மருந்து கெட்டுவிடும்.
- காய்ச்சல், விடாத இருமல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.
- பக்கத்து வீட்டுக்காரருக்கு கேட்ட மருந்தை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.