தூசியை அழிக்கலாம், கீறலை அழிக்கக் கூடாது!

சம்பளம் 20-ம் தேதியே தீர்ந்துடுது, வீட்டுல இருந்தே ஆன்லைன்ல ஏதாவது விக்கலாம்னு இறங்கியிருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

நீங்க விக்கிறது பித்தளை விளக்குன்னு வெச்சுக்கோங்க. போட்டோவுல தூசி, கைரேகை, பின்னாடி சுவத்துல ஒரு கறை. உடனே மாசச் சந்தா கட்டி பெரிய சாஃப்ட்வேர் வாங்காதீங்க. முதல்ல காட்டன் துணியால துடைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சுடும். மிச்சத்துக்கு மொபைல்ல ஸ்னாப்சீட், கம்ப்யூட்டர்ல கிம்ப் போதும். ரெண்டுமே இலவசம். ஸ்னாப்சீட்ல படத்தைப் பெருசாக்கி, ஹீலிங் டூலால கறையைத் தொட்டா, பக்கத்துல இருக்கிற நிறத்தை எடுத்து மூடிடும்.

ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இந்த அடையாளம் பொருளோட சேர்ந்து பார்சல்ல போகுமா? போகாதுன்னா அழிங்க. விளக்குலயே கீறல் இருந்தா, கை வைக்காதீங்க.

ஏன்னா கணக்கு இதுதான். ஒரு விளக்குல லாபம் 120 ரூபாய். ரிட்டர்ன் வந்தா போக, வர கூரியர் 160 ரூபாய்னு வைங்க. லாபமும் இல்ல, கைக்காசும் போச்சு. அதை ஈடுகட்ட இன்னும் ரெண்டு விளக்கு விக்கணும். 'திரும்ப வாங்க மாட்டேன்'னும் சொல்ல முடியாது. விளம்பரத்துல காட்டின மாதிரி பொருள் இல்லைன்னா விற்பவர் மறுக்கக் கூடாதுன்னு 2020-ம் ஆண்டு மின் வணிக விதிகளே சொல்லுது.

அதனால கீறலை கிட்டத்துல ஒரு படம் எடுத்துப் போடுங்க. விலையில 50 ரூபாய் குறைங்க. 160 போறதுக்கு 50 போறது மேல்தானே?