புளியரை ஏற்றத்துக்கு எந்த எஞ்சின்?

“அண்ணாச்சி, டிசையர் எடுக்கலாம்னு இருக்கோம். பெட்ரோலா, கேஸா?”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதே மூச்சில், “பழைய டீசல் நல்லதா ஒண்ணு வந்தா சொல்லுங்க” என்றும் சொல்லி வைப்பார்கள். தயாரிப்பு நின்று இத்தனை வருஷம் ஆன பிறகும் ஜனங்கள் ஒரு எஞ்சினைத் தேடுகிறார்கள் என்றால், அதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

2008 மார்ச்சில் ஸ்விஃப்ட் காருக்கு டிக்கி வைத்து மாருதி டிசையரைக் கொண்டுவந்தது. அதில் இருந்த டீசல் எஞ்சின், இத்தாலியின் ஃபியட் கம்பெனி வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட். இண்டிகா விஸ்டா, லீனியா, புன்ட்டோ என்று பல கம்பெனிக் கார்களில் அதே எஞ்சின் ஓடியதால் அதை ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்றே அழைத்தார்கள். திறன் 75 குதிரைதான். ஆனால் 190 நியூட்டன் மீட்டர் டார்க்கை 2000 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். டாக்சிக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு மைலேஜ் ஒரு காரணம், இந்த டார்க் இன்னொரு காரணம்.

குதிரைத்திறன் எவ்வளவு வேகம் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும். டார்க் என்பது இழுவை. நெல் மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஏற்ற வேண்டிய பலம் வேறு, ஏற்றிய மூட்டையோடு ஓடுகிற பலம் வேறு அல்லவா? முதல் பலத்தைத்தான் டார்க் என்கிறோம். அந்தப் பலம் எத்தனை ஆர்பிஎம்மில் கிடைக்கிறது என்பதுதான் எங்கள் ஊர்ப் பக்கம் முக்கியம்.

செங்கோட்டையைத் தாண்டி, கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புளியரை வந்ததும் எஸ் வளைவு தொடங்கிவிடும். எம்-சாண்ட் லாரியும் காய்கறி லாரியும் கேரளாவுக்கு ஊர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். சாரல் விழுந்து ரோடு நனைந்திருக்கும். முன்னால் லாரி நின்றால் நீங்களும் ஏற்றத்திலேயே நிற்க வேண்டும். உள்ளே ஐந்து பேர், ஏசி ஓடுகிறது, டிக்கி நிறைய ஈரத்துணி. பழைய டீசலில் டர்போ வேலையைத் தொடங்கும்வரை ஒரு கணம் மந்தமாக இருக்கும். அதன்பின் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறிவிடும்.

2024 நவம்பரில் வந்த புது டிசையரின் பெட்ரோல் எஞ்சின் 82 குதிரைத்திறன் கொண்டது. காகிதத்தில் பழைய டீசலை விட அதிகம். டார்க் மட்டும் சுமார் 112. அதுவும் 4300 ஆர்பிஎம்மில்தான் முழுதாகக் கிடைக்கும். டீசல் ஓட்டிய கால் பழக்கத்தில் மூன்றாவது கியரிலேயே ஏற்ற நினைத்தால் வண்டி குலுங்கும். உடனே பாதி கிளட்ச் பிடித்துச் சமாளிப்பார்கள். அப்படி ஓட்டியவர்கள்தான் கருகிய கிளட்ச் பிளேட்டோடு என்னிடம் வருகிறார்கள். எஞ்சின் மேல் பழி போடுவார்கள். இரண்டாவதுக்கு, தேவைப்பட்டால் முதல் கியருக்கு இறக்கி, முள்ளை 3000 பக்கம் வைத்து ஏற்றுங்கள். எஞ்சின் சத்தம் போடும், போடட்டும். அதற்காகச் செய்த எஞ்சின்தான் அது, ஒன்றும் கெட்டுப்போகாது. ஆட்டோ கியர் வண்டி வைத்திருப்பவர்கள் ஏற்றத்திலும் இறக்கத்திலும் லீவரை ‘எம்’ பக்கம் தள்ளி கியரைத் தாங்களே போட்டுக்கொள்வது நல்லது. முக்கியமாக இறங்கும்போது. பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும்.

டீசலை ஏன் நிறுத்தினார்கள்? 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி கட்டாயமானது. சின்ன டீசல் எஞ்சினுக்குக் கரித்துகள் வடிகட்டியும் மற்ற சாமான்களும் வைத்தால் விலை ஏறி, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள இடைவெளி வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாகாது. 2019 ஏப்ரலிலேயே மாருதி, டீசலை விடப்போவதாக அறிவித்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம், 2018-ல், ஆல்டோவையும் முந்தி நாட்டில் அதிகம் விற்ற கார் இந்த டிசையர்தான்.

எஞ்சின் அளவுக்குப் பின்னால் வரிக்கணக்கும் உண்டு. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. முதலில் 1.3 லிட்டராக இருந்த பெட்ரோல் எஞ்சின் 2010-ல் 1.2 ஆனது. 2012-ல் வாலை வெட்டி நீளத்தை 3995 மில்லிமீட்டராக்கினார்கள். அதில் டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. இப்போது 382 லிட்டர். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்.

2020-லிருந்து 2024 வரை வந்த டிசையரில் நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. இன்றைக்கு செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவருக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். சத்தமில்லாமல் சுழலும். ஏற்றத்தில் புதுசை விட ஒரு பிடி தெம்பு அதிகம். புது எஞ்சினில் மூன்று சிலிண்டர்தான்; உரசும் பாகங்கள் குறைவு. லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்லும் மைலேஜுக்கு அது ஒரு காரணம். நிற்கும்போது ஸ்டீரிங்கில் லேசான அதிர்வு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதன் சுபாவம் அப்படி.

கேஸ், அதாவது சிஎன்ஜி, பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: “தினமும் எங்கே போறீங்க?” பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக நெல்லைக்குத் தினமும் போய்வருகிற ஆளா? தாராளமாக எடுங்கள். கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. சமதளத்தில் நிதானமாக ஓட்டினால் கேஸ் காசை மிச்சப்படுத்தும். ஆனால் சிலிண்டருக்குள் போகிற கேஸ், காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் திறன் 70 குதிரைக்கும் டார்க் 102-க்கும் இறங்கிவிடுகிறது. வண்டி எடையும் கூடுகிறது. புளியரைக்கு முன்பே சுவிட்சைத் தட்டி பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

டிக்கிதான் பெரிய சங்கடம். 55 லிட்டர் சிலிண்டர் உட்கார்ந்த பிறகு குடும்பத்தின் பைகளுக்கு இடம் எங்கே? குற்றால சீசனில் ஐந்தருவிப் பக்கம் நிற்கும் கேஸ் வண்டிகளைப் பாருங்கள், பிள்ளைகள் மடியில் பை இருக்கும். இதற்காகவே டாடா 2023-ல் டிகோரில் இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கி தரைக்கடியில் வைத்தது. நல்ல யோசனை, மற்றவர்களும் செய்ய வேண்டியது. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு விட வேண்டும். அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, பின் சீட்டில் குழந்தைகள் உட்காருகிறார்கள்.

பழைய டீசல்? தினசரி நீண்ட ஓட்டம் இருந்தால், இன்ஜெக்டரையும் டர்போவையும் டைமிங் செயின் சத்தத்தையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு எடுக்கலாம். 15 வருஷம் முடிந்தால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டிக்கு அது 2027-ல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற வீட்டுக்கு டீசல் வேண்டாம். ஒரு இன்ஜெக்டர் போனாலே மைலேஜில் மிச்சம் பிடித்த காசு போய்விடும்.

மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓடி, வருஷத்தில் சில தடவை மலை ஏறுகிற சாதாரணக் குடும்பத்துக்கு என் பதில் பெட்ரோல், மேனுவல் கியர். ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு நல்ல ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.