வலிக்காத கிழிசல்

விழித்திரை கிழிந்தால் வலிக்காது. என் கவலையெல்லாம் அதுதான். கண் மருத்துவமனை ஒன்றின் விழித்திரைப் பிரிவில், கண்மணி விரிய சொட்டு மருந்து போடுவதும் டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் என் வேலை. கண் சிவந்தால் விடியுமுன் ஓடி வருகிறவர்கள், உள்ளே கிழிந்திருக்கும்போது மட்டும் அறுப்பு முடியட்டும், பேத்தி காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள்.

வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். “சிஸ்டர், கண்ணு முன்னால பூச்சி பறக்குது. தொடச்சாலும் போக மாட்டேங்குது.” சிலர் நூல் என்பார்கள், சிலர் கரித்தூள் கொட்டியதுபோல என்பார்கள். “இருட்டுல கண்ணோரமா பளிச் பளிச்சுன்னு மின்னல் அடிக்குது” என்றும் சேர்த்துச் சொன்னால், அவர் சீட்டை வரிசையில் முன்னால் வைத்துவிடுவேன்.

கண்ணுக்குள் லென்ஸுக்குப் பின்னால் தெளிந்த கூழ் ஒன்று நிறைந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். 50 வயதுக்கு மேல் அது நீர்த்துச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகத் தொடங்கும். பெரும்பாலானோருக்கு இது தொல்லையில்லாமல் முடிந்துவிடும். சிலருக்கோ கூழ் ஏதோ ஓரிடத்தில் விழித்திரையோடு இறுக ஒட்டியிருக்கும். விலகும்போது அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, ஒளி மட்டுமே தெரியும். அந்த இழுப்புதான் மின்னலாகத் தெரிகிறது. இழுப்பு மிஞ்சினால் குதிரை லாட வடிவில் கிழிந்துவிடும். திடீரென்று பூச்சியும் மின்னலும் கண்டு வருகிறவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், புரை ஆபரேஷன் ஆனவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மைனஸ் பவர் கூடியவர்களுக்கு இது இளவயதிலேயே வரலாம்.

கிழிசல் வழியாக நீர் பின்னால் இறங்கினால், மழைநீர் இறங்கிய சுவரில் சுண்ணாம்பு உப்பிப் பெயர்வதுபோல விழித்திரை பெயர்ந்து வரும். அப்போது பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல நிழல் ஏறும். மேற்பகுதியில் கிழிந்தால் நீர் கீழ்நோக்கி வேகமாக இறங்கும். நடுப்பார்வை தரும் இடமும் பெயர்ந்துவிட்டால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று எந்த டாக்டரும் உறுதி சொல்ல மாட்டார்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் இது தெரியாது. கண்மணியை விரித்து, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கண்ணோரத்தை லேசாக அழுத்தி விளிம்பு வரை தேட வேண்டும். பூக்கட்டும் அம்மா ஒருவருக்கு அப்படித்தான் மேல் ஓரத்தில் கிழிசல் அகப்பட்டது. பூச்சி பறந்த அன்று காலையிலேயே வந்துவிட்டார். மரத்துப்போகச் சொட்டு விட்டு, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, தலை அசையாமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். கண்மேல் ஒரு லென்ஸை வைத்து, பச்சை லேசர் ஒளியைப் பொட்டுப் பொட்டாகக் கிழிசலைச் சுற்றி வரிசை வரிசையாகப் போட்டார் டாக்டர். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. “இம்புட்டுதானா? சுருக்குன்னு ரெண்டு தடவ இருந்துச்சு, அவ்வளவுதான்” என்றார் அந்த அம்மா. அந்தப் பொட்டுகள் தழும்பாகி விழித்திரையைப் பின்சுவரோடு ஒட்டிவிடும். தழும்பு இறுகப் பத்துப் பதினைந்து நாளாகும். கிழிசல் லேசர் எட்டாத ஓரத்தில் இருந்தால், வெளியிலிருந்து உறைகுளிர் கொடுத்து ஒட்டுவார்கள். பூச்சியோடும் மின்னலோடும் வந்த கிழிசலை அப்படியே விட்டால் பாதிப் பேருக்காவது விழித்திரை பெயரும். உடனே ஒட்டிவிட்டால் அந்த ஆபத்து 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

ஒரு காலத்தில் விழித்திரை பெயர்ந்தால் குருடுதான். கண்ணைக் கட்டி வாரக்கணக்கில் படுக்க வைப்பதே வைத்தியமாக இருந்தது. கிழிசல்தான் மூலம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டிக்கொள்ளும் என்று 1920களில் உலகத்துக்கு நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர டாக்டர் ஜூல்ஸ் கோனான். அவர் பழுக்கக் காய்ச்சிய கருவியால் கிழிசலைச் சுட்டு அடைத்தார். ஒளியாலேயே அந்தச் சூட்டைக் கொடுக்கும் வழியைக் கண்டவர் ஜெர்மனியின் மேயர்-ஷ்விக்கராத். 1945 ஜூலையில் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒருவரைக் கண்டபோது அவருக்கு அந்த யோசனை பிறந்தது. கண்ணைக் கெடுத்த ஒளியே கண்ணைக் காக்கும் மருந்தானதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

ஓட்டை என்றதும் எல்லாவற்றுக்கும் லேசர் தேவையில்லை. வேறு காரணமாகப் பரிசோதித்தபோது தெரியவரும், இழுப்பில்லாத சிறு வட்ட ஓட்டைகளைப் பெரும்பாலும் அவ்வப்போது பார்த்துவந்தாலே போதும். நடுமையத்தில் விழும் ஓட்டை வேறு வகை: எழுத்து வளைந்து தெரியும், நடுவில் ஒன்று மறையும். அதற்கு ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு அடைப்பார்கள். அது கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது.

புதிதாகப் பூச்சி பறந்தால், மின்னல் அடித்தால், நிழல் ஏறினால் அன்றைக்கே விழித்திரை டாக்டரைப் பாருங்கள். கிழிசல் இல்லை என்று சொன்னாலும், அவர் திரும்ப வரச் சொன்ன தேதியில் போங்கள். சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்ட வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வாருங்கள்.