அள்ளிக் கொடுக்காதீர்கள், அளந்து கொடுங்கள்!

பிளாக்பெரி போனின் மேல் ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுங்கினால் புது அஞ்சல் வந்திருக்கிறது என்று அப்போது பொருள். கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984-ல் தொடங்கப்பட்ட ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம், 1999-ல் பிளாக்பெரியைக் கொண்டுவந்து அலுவலக மின்னஞ்சலைச் சட்டைப்பைக்குள் சேர்த்தது. அந்த விளக்கு நேரத்துக்கு எரிய, ஒவ்வொரு நிறுவனத்தின் சர்வர் அறையிலும் ஒரு மென்பொருள் இரவுபகலாக உழைத்தது. அதுதான் பிளாக்பெரி என்டர்பிரைஸ் சர்வர். சுருக்கமாக ‘பெஸ்’.

2009-ல் அதன் 5.0 பதிப்பு வந்தது. தனித்தனி சர்வர் பெட்டிகளைக் குறைத்து, விஎம்வேர் மென்பொருளின் துணையோடு ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் சர்வர்களை நிறுவனங்கள் ஓட்டிவந்த காலம் அது. பெஸ்ஸும் அங்கே குடியேறியது. அதற்கு எத்தனை பிராசசர், எவ்வளவு ரேம் ஒதுக்குவது? ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தாராளமாக ஒதுக்கத்தான் யாருக்கும் தோன்றும். மெய்நிகர் சர்வரில் அந்தத் தாராளமே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

தலைகளை எண்ணினால் போதாது

பெஸ் என்ன செய்தது என்று பார்த்தால்தான் அதன் பசி புரியும். நிறுவனத்தின் அஞ்சலைக் கையாளும் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ஒவ்வொருவருடைய அஞ்சல்பெட்டியையும் அது கண்காணிக்கும். புதிதாக வந்ததைச் சுருக்கி, ரகசியக் குறியீடாக்கி, 3101 என்ற போர்ட் வழியே ரிசர்ச் இன் மோஷனின் வலையமைப்புக்கு அனுப்பும். அங்கிருந்து செல்பேசி நிறுவனத்தின் வழியாக அது கைக்கு வரும். இதற்கிடையில் நாட்காட்டியை ஒத்திசைக்க வேண்டும். இணைப்பாக வந்த கோப்புகளைச் சின்னத் திரைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். நாளுக்குப் பத்து அஞ்சல் பார்க்கும் 300 பேரும், கோப்புகளைத் திறந்துகொண்டே இருக்கும் 300 பேரும் ஒரே சுமை அல்ல.

நாலு பிராசசரின் காத்திருப்பு

நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரே பேருந்தில் சேர்ந்துதான் போக வேண்டும் என்று நின்றால், ஓர் இருக்கை மட்டும் காலியாக வரும் வண்டிகளை விட்டுவிடத்தான் வேண்டும். தனி ஆள் ஏறிப் போய்விடுவார். நாலு பிராசசர் ஒதுக்கப்பட்ட மெய்நிகர் சர்வரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளில், நாலு உண்மையான பிராசசர் கோர்களும் ஒரே சமயத்தில் கிடைத்தால்தான் வேலை நகரும். பின்வந்த பதிப்புகள் இந்த விதியைத் தளர்த்தின. ஆனாலும், நெரிசலான பெட்டியில் காத்திருப்பு மிச்சமிருக்கிறது.

அந்தக் காத்திருப்பை அளக்க முடியும். விஎம்வேரில் ‘சிபியு ரெடி’ என்றொரு கணக்கு உண்டு. 20 நொடியில் ஒரு பிராசசர் 1,000 மில்லிநொடி காத்திருந்தால் அது 5 சதவீதம். அதைத் தாண்டினால் கவனம் வேண்டும். 10 சதவீதம் என்றால் பயனர் உணர்ந்துவிடுவார். எனவே, சில நூறு பயனர்களுக்கு இரண்டு பிராசசரோடு தொடங்கி, உச்ச நேரத்தில் அளந்த பிறகு கூட்டுவதே சரி.

வாக்குறுதி அல்ல, கையிருப்பு

ரேமில் சிக்கல் வேறு மாதிரி. பெட்டியில் இருப்பதைவிட அதிக ரேமைப் பல சர்வர்களுக்கு வாக்களிக்க விஎம்வேர் அனுமதிக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால், ஒன்றிடமிருந்து வாங்கி மற்றொன்றுக்குக் கொடுக்கும். அதுவும் போதாதபோது ரேமில் இருந்ததை வட்டுக்குத் தள்ளும். வட்டு ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது. நொடிக்கு நொடி அஞ்சல்பெட்டிகளைப் பார்க்க வேண்டிய சர்வர் அங்கே திணறிப்போகும். அதற்குத் தேவைப்படும் ரேமை யாரும் தொடாதபடி முன்பதிவு செய்துவிட வேண்டும்.

அள்ளிக் கொடுப்பதிலும் பயனில்லை. பெஸ்ஸின் பாகங்கள் 32 பிட் நிரல்களாக இருந்தன. அத்தகைய நிரல் ஒன்று விண்டோஸில் வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் தொடாது. அதே சர்வரில் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளும் இருந்தால், உச்சவரம்பு வைக்காதவரை மிச்ச ரேமை அது தன்வசம் எடுத்துக்கொண்டே போகும்.

மாற்று சர்வருக்கும் இடம்

5.0 பதிப்பு, முதன்மை சர்வர் விழுந்தால் பொறுப்பேற்க ஒரு மாற்று சர்வரைத் தந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் அந்த ஏற்பாடே வீண். மாற்று சர்வருக்குக் குறைவாக ஒதுக்கினால், பொறுப்பேற்கும் அன்றே அதுவும் மூச்சுத்திணறும்.

மாற்று இருந்தும் சறுக்கலாம். 2011 அக்டோபர் 10 அன்று ரிசர்ச் இன் மோஷனின் சொந்த வலையமைப்பிலேயே மைய ஸ்விட்ச் ஒன்று பழுதானது. மாற்று ஏற்பாடு முன்பு சோதித்தபடி இயங்கவில்லை என்று நிறுவனமே சொன்னது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று தொடங்கி வட அமெரிக்கா வரை அஞ்சல் முடங்கியது. 13-ம் தேதிதான் சேவை திரும்பியது.

பழைய பிளாக்பெரிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால், இன்று கிளவுடில் சர்வரை வாடகைக்கு எடுக்கும் சின்ன நிறுவனத்துக்கும் இதே கணக்குதான். திங்கட்கிழமைக் காலை நெரிசலும் அடங்கும்படி ஒரு வாரம் முழுக்கச் சுமையை அளந்து பாருங்கள். அந்த உச்சத்துக்கு ஏற்ப ஒதுக்குங்கள். மாற்று சர்வரை வேலை நேரத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்யாமல் கூடுதல் ரேமுக்குக் காசு கொடுப்பது வீண் செலவு.